உடம்பின் வரவு செலவு

(முன்னாள் மாணவர் மறுசந்திப்பு நாளன்று முற்பகல் அமர்வில் ஆற்றிய உரை. பெரும்பாலும் பேசியபடியே தரப்படுகிறது.)



செயலாளர் என்னை அறிமுகப்படுத்தும்போது, ‘உடல் எடையைக் குறைப்பது பற்றி நிபுணர் ஒருவர் பேசுவார்’ என்று சொல்லிவிட்டார். உங்களில் பலருக்குச் சிரிப்பு வந்ததைக் கவனித்தேன். நான் நிபுணன் இல்லை. வங்கியில் முப்பத்தாறு வருஷம் குப்பை கொட்டிவிட்டு ஓய்வு பெற்றவன். எடை குறைக்கிறேன் பேர்வழி என்று கணக்குப் போட உட்கார்ந்து, மூன்று பேருக்குக் கணக்குப் போட்டு, மூன்றையும் தப்பாகப் போட்டவன். அந்த மூவரில் ஒருவன் நம் வகுப்பு நண்பன். என் கணக்கால் அவன் கை உடைந்தது. இதை அவன் அனுமதியோடுதான் சொல்கிறேன். பேர் சொல்லக் கூடாது என்பது அவன் போட்ட ஒரே நிபந்தனை. அவன் இந்த அரங்கில்தான் இருக்கிறான். யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம்.

நம் இயற்பியல் ஆய்வகத்தை நினைத்துப் பாருங்கள். பி.யூ.சி. முடித்து உள்ளே வந்த முதல் வருஷம் கையில் கொடுத்தது ஒரு செம்புக் கலோரிமீட்டர். வெந்நீரை ஊற்றி, தெர்மாமீட்டரைச் செருகி, கலக்கி, அரை நிமிஷத்துக்கு ஒரு தரம் அளவு குறித்தோம். குளிர்தல் விதிக்கு வரைபடம் போட்டோம். புள்ளிகள் கோட்டில் உட்காராவிட்டால் என்ன செய்தோம் என்பதைப் பேராசிரியர்கள் முன்னால் சொல்ல மாட்டேன். அங்கே படித்த கலோரிதான் இன்றைக்குச் சாப்பாட்டுத் தட்டுக்கு வந்திருக்கிறது. ஒரே ஒரு வித்தியாசம். சாப்பாட்டில் கலோரி என்று பேச்சுக்குச் சொல்வதெல்லாம் உண்மையில் கிலோகலோரி. ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்கும் வெப்பம். ஆக, 2,000 கலோரி சாப்பிடுகிற ஆள் ஒரு நாளில் செலவழிக்கும் வெப்பத்தைக் கொண்டு, 30 டிகிரியில் இருக்கும் 28 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்கு ஏற்றிவிடலாம். ஒரு பெரிய அண்டா வெந்நீர்! இவ்வளவு சூட்டையும் நாம் சும்மா நாற்காலியில் உட்கார்ந்தபடியே வெளியே விட்டுக்கொண்டிருக்கிறோம் என்பதுதான் முதல் ஆச்சரியம்.

இதை முதலில் அளந்து பார்த்தவர்களில் ஒருவர் பிரான்சு நாட்டு லவாய்சியர். 1780-களில் லாப்லாஸோடு சேர்ந்து ஒரு கினிப் பன்றியைப் பனிக்கட்டி சூழ்ந்த பாத்திரத்தில் உட்கார வைத்து, அதன் உடம்புச் சூட்டில் எவ்வளவு பனி உருகுகிறது என்று நிறுத்துப் பார்த்தார். மூச்சு விடுவதும் மெழுகுவர்த்தி எரிவதும் ஒரே வகைக் காரியம் என்று சொன்னார். 1794-ல் அவர் தலையைக் கில்லட்டினில் வாங்கிவிட்டார்கள். அது வேறு கதை. நூறு வருஷம் கழித்து அமெரிக்காவில் அட்வாட்டர் என்பவர் ஒரு மனிதனே உள்ளே தங்கும் அறையைக் கலோரிமீட்டராகக் கட்டினார். மாவுச்சத்துக்கும் புரதத்துக்கும் கிராமுக்கு 4, கொழுப்புக்கு 9 என்று இன்றைக்கு பிஸ்கட் பாக்கெட்டில் போடுகிற கணக்கு அவர் வழி வந்ததுதான்.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

2022-ல் எனக்கு வயது 64. உயரம் 168 சென்டிமீட்டர், எடை 84 கிலோ. சர்க்கரை எல்லைக்கோட்டில் நின்றது. ‘எட்டு கிலோ குறையுங்க சார், மாத்திரையைத் தள்ளிப் போடலாம்’ என்றார் மருத்துவர். கணக்கு என்றால் நமக்குச் சொல்ல வேண்டுமா? அன்று இரவே உட்கார்ந்தேன்.

1990-ல் வெளியான ஒரு சூத்திரம் உண்டு. மிஃப்லின், செயின்ட் ஜியோர் என்ற இருவர் பேரில் வழங்குவது. எடையைப் பத்தால் பெருக்கு. சென்டிமீட்டரில் உயரத்தை 6.25-ஆல் பெருக்கிக் கூட்டு. வயதை ஐந்தால் பெருக்கிக் கழி. ஆணுக்கு 5 கூட்டு, பெண்ணுக்கு 161 கழி. இது ஒன்றுமே செய்யாமல் படுத்திருக்கும்போது இதயம், மூளை, ஈரல், சிறுநீரகம் எல்லாம் ஓட ஆகும் செலவு. வங்கி பாஷையில் சொன்னால் எஸ்டாப்ளிஷ்மென்ட் செலவு. கிளை திறந்தாலும் மூடினாலும் ஆகும். எனக்கு 840, அதோடு 1,050, அதில் 320 போய், 5 சேர்ந்து, 1,575 வந்தது.

இதுவரைக்கும் பெரிய தகராறு இல்லை. மேல்நாட்டு உடம்புகளை வைத்துப் போட்ட சூத்திரம் என்பதால் நம் ஊர் உடம்புக்குக் கொஞ்சம் கூடுதலாகவே காட்டும். போகட்டும். தகராறு அடுத்த வரியில் இருந்தது. இந்த 1,575-ஐ உன் உழைப்புக்கு ஏற்ற எண்ணால் பெருக்கு என்று அட்டவணை சொல்கிறது. உட்கார்ந்தே இருப்பவருக்கு 1.2, லேசான உழைப்புக்கு 1.375, வாரத்தில் மூன்று முதல் ஐந்து நாள் உடற்பயிற்சி செய்பவருக்கு 1.55, கடுமையான பயிற்சி செய்பவருக்கு 1.725.

நான் வாரத்தில் ஆறு நாள் காலை ஆறு மணிக்கு நடைப்பயிற்சிக்குப் போகிறவன். அதனால் எந்தச் சந்தேகமும் இல்லாமல் 1.55 என்று போட்டுக்கொண்டேன். உண்மையில் 1.725 போடலாமா என்றுகூட ஒரு சபலம் இருந்தது, தன்னடக்கத்தோடு விட்டுவிட்டேன். 2,441 வந்தது. தினம் 500 குறைத்தால் வாரம் அரைக் கிலோ குறையும் என்பது புத்தகக் கணக்கு. ஆகவே 1,940 கலோரி. நோட்டுப் போட்டு எழுதி, அளந்து சாப்பிட்டேன். மூன்று மாதம் ஆயிற்று. எடை 84-லேயே நின்றது. ஒரு நாள் 83.6, மறுநாள் 84.3.

வயசாகிவிட்டது, உடம்பு எரிக்க மாட்டேன் என்கிறது என்று எல்லோரும் சொல்வது போல நானும் சொல்லிக்கொண்டேன். அந்தச் சமாதானமும் முழுக்க நிற்காது. 2021-ல் சயன்ஸ் இதழில் ஒரு பெரிய ஆய்வு வந்தது. 29 நாடுகளைச் சேர்ந்த 6,400-க்கும் மேற்பட்டவர்களின் அளவுகள். உடம்பின் பருமனுக்குத் தக்கபடி சரிக்கட்டிப் பார்த்தால், 20 வயது முதல் 60 வயது வரை எரிக்கும் வேகம் கிட்டத்தட்ட மாறுவதே இல்லை. 60-க்குப் பிறகுதான் இறங்குகிறது. அதுவும் ஆண்டுக்கு ஒரு சதவீதத்துக்கும் குறைவாக. ஆக நாற்பது வயதில் வந்த தொந்திக்கு வயசைக் குற்றம் சொல்ல நமக்கு வழியில்லை.

பிறகு எங்கே இடிக்கிறது? தணிக்கைக்கு வருகிற ஆள் என்ன செய்வான்? மொத்தத்தை நம்ப மாட்டான், வவுச்சரைக் கேட்பான். நானும் அதைத்தான் செய்தேன். உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் சேர்ந்து கூட்டிய நிபுணர் குழு ஒன்று 2001-ல் போட்ட முறை இருக்கிறது. நாளின் 24 மணி நேரத்தையும் பிரித்து எழுத வேண்டும். தூக்கத்துக்கு 1. டி.வி., அரட்டை, பேப்பர் இதற்கெல்லாம் 1.4. உட்கார்ந்து சாப்பிட 1.5. வண்டி ஓட்ட 2. சமையலுக்கு 2.1. குளித்து உடுத்த 2.3. வீட்டு வேலைக்கு 2.8. நடைக்கு 3.2. கையால் செய்யும் வயல் வேலைக்கு 4.1. ஒவ்வொன்றையும் மணிக் கணக்கால் பெருக்கிக் கூட்டி, 24-ஆல் வகுத்தால் உன் எண் வரும். நீ உன்னைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்ற கேள்வியே அதில் கிடையாது. அதுதான் அதன் விசேஷம்.

நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்து, கால் மணிக்கு ஒரு கோடு போட்டு, ஒரு வாரம் எழுதினேன். பொய் எழுதக் கூடாது என்பதற்காக நோட்டைப் பையிலேயே வைத்திருந்தேன்.

அப்போதுதான் தெரிந்தது. ஆறு மணியிலிருந்து ஏழு மணி வரை நான் ‘நடக்கிற’ அந்த ஒரு மணி நேரத்தில் கால் நடப்பது 35 நிமிஷம். மீதியில் பத்து நிமிஷம் பூங்கா பெஞ்சில் நாட்டு நடப்பு. பதினைந்து நிமிஷம் டீக்கடையில். அந்தக் கடையில் மெதுவடை நன்றாக இருக்கும். பிறகு நாள் முழுவதும்? சேர்த்துப் பார்த்தேன். தூக்கம், மதியக் கண்ணயர்வு உட்பட 9 மணி நேரம். குளியல், உடுப்பு 1 மணி. சாப்பாடு, காபி 1 மணி. உட்காருவது 11½ மணி. ஸ்கூட்டர் அரை மணி. எல்லா நடையும் சேர்த்து முக்கால் மணி. செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது போன்றவை கால் மணி. பெருக்கிக் கூட்டினால் 33. அதை 24-ஆல் வகுத்தால் 1.375. நான் எனக்குக் கொடுத்துக்கொண்டது 1.55! 2,441 செலவழிக்கிறேன் என்று நினைத்தவன் உண்மையில் செலவழித்தது 2,166.

அந்த 35 நிமிஷ நடைக்கு மட்டும் தனியாகக் கணக்குப் போட்டேன். எனக்கு ஒரு மணி நேரத்து அடிப்படைச் செலவு 65.6. நடைக்கு 3.2, உட்கார்ந்திருந்தால் 1.4, வித்தியாசம் 1.8. ஆக, நடந்ததால் கூடுதலாக எரிந்தது மணிக்கு 118. 35 நிமிஷத்துக்கு 69. அந்த மெதுவடை ஒன்றே நூறுக்குக் குறையாது. அதாவது நான் வீட்டிலேயே படுத்திருந்தால் லாபம்! (சிரிப்பு.) சிரிக்கிறீர்கள், ஆனால் நடை வேண்டாம் என்று நான் சொன்னதாக யாரும் வீட்டில் போய்ச் சொல்லிவிடாதீர்கள். சர்க்கரைக்கும் இதயத்துக்கும் நடை நல்லது. எடைக் கணக்கில் அதை நம்பி வடை வாங்காதே என்பதுதான் விஷயம்.

இது செலவுப் பக்கம். வரவுப் பக்கம் இன்னும் மோசம். 1,940 என்று எழுதினேனே, அது சரியா? வடையை எழுதியிருந்தேன், அதை மறைக்கவில்லை. எண்ணெயை நாளுக்கு இரண்டு டீஸ்பூன் என்று எழுதியிருந்தேன். அது 90 கலோரி. வீட்டு மளிகை பில்லை எடுத்துப் பார்த்தேன். பெரியவர்கள் நாலு பேர். மாதம் நாலு லிட்டர் எண்ணெய். தலைக்கு, நாளைக்கு 33 மில்லி. ஏறத்தாழ 30 கிராம். கிராமுக்கு 9 என்றால் 270-க்கு மேல். தாளிப்பிலும் பொரியலிலும் தோசைக் கல்லிலும் போகிற எண்ணெய் கண்ணுக்குத் தெரிவதில்லை. பில்லில் மட்டும் தெரிகிறது. வீட்டில் மாதத்துக்கு எத்தனை லிட்டர் எண்ணெய், எத்தனை கிலோ சர்க்கரை வாங்குகிறீர்கள் என்பதைத் தலைக்கு வகுத்துப் பாருங்கள். ஐந்து நிமிஷ வேலை. அப்புறம், டி.வி. பார்க்கும்போது கொறித்த கைப்பிடி நிலக்கடலை. 15 கிராம்தான், 85 கலோரி. கடலையை யாராவது சாப்பாடு என்று எழுதுவார்களா? ஆக, 1,940 என்று எழுதியது உண்மையில் 2,200-க்கு மேல். செலவு 2,166. வரவும் செலவும் டாலி ஆகிவிட்டது. எடை ஏன் நகரவில்லை என்பதற்கு இதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டும்?

நான் மட்டும்தான் இப்படி என்றால் வெட்கப்பட்டு உட்கார்ந்துவிடுவேன். அமெரிக்காவில் 1992-ல் ஒரு ஆய்வு. எவ்வளவு குறைத்துச் சாப்பிட்டாலும் இளைக்கவே மாட்டேன் என்கிறது என்று சொன்னவர்களை எடுத்து, அவர்கள் எழுதியதையும் உண்மையான அளவையும் ஒப்பிட்டார்கள். சாப்பிட்டதைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்துச் சொல்லியிருந்தார்கள். உழைப்பை 51 சதவீதம் கூட்டிச் சொல்லியிருந்தார்கள். அவர்கள் உடம்பு எரிக்கும் வேகத்தில் குறை எதுவும் இல்லை. இவர்கள் பொய்யர்களா? இல்லை. தன் கணக்கைத் தானே எழுதுகிறவன் கை கொஞ்சம் சாயத்தான் செய்யும். வங்கியில் கேஷ் பார்க்கிறவனே செக்கிங்கும் பார்க்கக் கூடாது என்று வைத்திருப்பது அதற்குத்தானே? அந்த ஆய்வில் உண்மை அளவு எப்படித் தெரிந்தது என்று கேட்பீர்கள். கனமான ஹைட்ரஜனும் கனமான ஆக்சிஜனும் கலந்த தண்ணீரைக் குடிக்க வைத்து, அவை இரண்டும் சிறுநீரில் எந்த வேகத்தில் குறைகின்றன என்று பார்க்கிறார்கள். அந்த வித்தியாசத்திலிருந்து எவ்வளவு கரியமில வாயு வெளியே போயிற்று என்று தெரியும். அதிலிருந்து செலவு தெரியும். மனிதர்களிடம் இதை முதலில் செய்தது 1982-ல். நம்மை யாரும் கேள்வி கேட்காமல் நம் கணக்கு வெளியே வருகிற முறை இது ஒன்றுதான். விலை அதிகம், நமக்குக் கட்டுப்படியாகாது.

இரண்டாவது தப்பு என் வீட்டம்மா விஷயம். அவளுக்கு வயது 60, உயரம் 154, எடை 62. எனக்குப் போட்ட கையோடு அவளுக்கும் போட்டேன். ‘வீட்டில்தானே இருக்கே’ என்று 1.2 போட்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. என் நோட்டில் ஒரு வாரம் முடிந்ததும், ‘எனக்கும் ஒரு நோட்டு வாங்கிட்டு வாங்க’ என்றாள். எழுதினாள். தூக்கம் ஆறரை மணி. குளியல் ஒன்று. சாப்பாடு ஒன்று. சமையல் நாலு. பாத்திரம், துணி, பெருக்குதல், துடைத்தல் மூன்று. காய்கறிக் கடை, பேரனைப் பள்ளியில் விடுவது, கூட்டி வருவது எல்லாம் நடந்தே, ஒரு மணி. மீதி ஏழரை மணிதான் உட்கார்வது. கூட்டினால் 40.8. அதை 24-ஆல் வகுத்தால் 1.70. அந்த நிபுணர் குழு ‘சுறுசுறுப்பான வாழ்க்கை’ என்று ஆரம்பிக்கிற கோடே 1.70-தான். கேன்வாஸ் ஷூ போட்டு, தொப்பி வைத்து, கையை வீசி நடக்கிற எனக்கு 1.375, வீட்டில் ‘சும்மா’ இருக்கிறவளுக்கு 1.70. நான் இதைப் பெரிய கண்டுபிடிப்பு மாதிரி அவளிடம் சொன்னேன். ‘இதுக்கு உங்களுக்கு நோட்டு வேண்டியிருந்ததா?’ என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவளுடைய அடிப்படைச் செலவு 1,120. அதனால் மொத்தம் 1,900. நான் 1.2 போட்டதில் 1,344 வந்து, அதிலும் 500 கழித்து, 850 கலோரி சாப்பிடு என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்திருந்தேன். நல்லவேளை, அந்தச் சீட்டை அவள் மதிக்கவே இல்லை.

மதித்தவன் ஒருவன் இருந்தான். அதுதான் மூன்றாவது.

லால்குடிப் பக்கம் அவனுக்கு நிலம் இருக்கிறது. வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஊரோடு போய்விட்டான். என்னைவிட ஒல்லி, 162 சென்டிமீட்டர், 71 கிலோ. ஏழெட்டு வருஷமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறான். மெட்ஃபார்மினோடு கிளிமிபிரைடும். ஒரு கல்யாணத்தில் பார்த்தபோது, ‘நீ ஏதோ கணக்கெல்லாம் போடறியாமே, எனக்கும் போட்டுக் கொடுடா’ என்றான். நான் இன்னும் என் நோட்டை எழுத ஆரம்பிக்காத காலம். பேனாவை எடுத்தேன். அடிப்படை 1,400. ரிட்டயர் ஆனவன்தானே என்று 1.2. வந்தது 1,680. அதில் 500 போக 1,180. ‘1,200 வைச்சுக்கோடா, தாராளம்’ என்று கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். மாத்திரையைப் பற்றி நான் கேட்கவில்லை. வயலில் யார் வேலை செய்கிறார்கள் என்றும் கேட்கவில்லை.

ஆள் கிடைக்காமல் அவனே இறங்கி வேலை பார்த்துக்கொண்டிருந்தான். நாளைக்கு நாலு மணி நேரம் மண்வெட்டி, களை, வாழைக்குத் தண்ணீர் கட்டுவது. ஒரு மணி நேர நடை. பிற்பாடு அவன் சொன்னதை வைத்துக் கணக்குப் போட்டேன். 1.85. அதாவது நாளைக்கு 2,590 கலோரி செலவழிக்கிற ஆளுக்கு நான் 1,200 கொடுத்திருக்கிறேன். பாதிகூட இல்லை. கிளிமிபிரைடு வகை மாத்திரை, நாம் சாப்பிட்டோமா இல்லையா என்று பார்ப்பதில்லை. கணையத்தைப் பிழிந்து இன்சுலினை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். சாப்பாடு பாதி, வேலை முழுசு, மாத்திரை முழுசு.

ஒன்பதாம் நாள் முற்பகல், வரப்பில் நடந்து வரும்போது விழுந்திருக்கிறான். அதற்கு அரை மணி முன்னாலிருந்தே கை நடுங்கியிருக்கிறது, சட்டை நனைகிற மாதிரி வியர்த்திருக்கிறது. வெயில் என்று நினைத்திருக்கிறான். பக்கத்து வயலில் இருந்த ஒரு அம்மா ஓடி வந்து, நினைவு இருக்கிறது என்று பார்த்துவிட்டு, டீக்காக வைத்திருந்த சர்க்கரையைக் கரைத்துக் குடிக்க வைத்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தபோதும் 52-தான் இருந்தது. வலது மணிக்கட்டு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு.

அங்கிருந்த டாக்டர், ‘இந்த வயசுல, இந்த மாத்திரையோட, 1,200 கலோரி சாப்பிடச் சொன்னது யாரு?’ என்று சத்தம் போட்டிருக்கிறார். ‘ஏதோ நோட்டீஸ்ல போட்டிருந்தான் சார்’ என்று சொல்லிவிட்டான். எனக்கு இது அவன் மூலம் தெரியவில்லை. இரண்டு வாரம் கழித்து அவன் மனைவி போன் பண்ணி, ‘அண்ணே, அவரு உங்க பேரைச் சொல்லவே இல்லைண்ணே. ஆனா அந்தப் பத்திரிகை இன்னும் எங்க வீட்டு காலண்டர்லதான் சொருகியிருக்கு’ என்றார்கள். அவர்கள் கோபமாகப் பேசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மறுநாள் லால்குடி பஸ் ஏறினேன். அதற்கு மேல் அங்கே நடந்ததைச் சொல்ல வேண்டாம். அந்தப் பத்திரிகையை அவனிடமிருந்து வாங்கி வந்து என் நோட்டுக்குள் வைத்திருக்கிறேன்.

அதனால்தான், இன்றைக்கு மேடையிலிருந்து யாருக்கும் ஒரு எண் கொடுக்க மாட்டேன். இடைவேளையில் வந்து ‘எனக்கு எவ்வளவுடா?’ என்று கேட்டாலும் சொல்ல மாட்டேன். இன்சுலின் போடுகிறவர்கள், கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு போன்ற மாத்திரை எடுப்பவர்கள், சாப்பாட்டைக் குறைக்கும் முன்னால் மருந்தைக் குறைக்க வேண்டுமா என்று உங்கள் டாக்டரைக் கேட்டே ஆக வேண்டும். நடுக்கம், வியர்வை, படபடப்பு, தலை குழம்பினால், நினைவு இருக்கும்போதே மூன்று டீஸ்பூன் சர்க்கரை தண்ணீரில். கால் மணி கழித்து மறுபடி பரிசோதனை. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, நேரே ஆஸ்பத்திரி. சட்டைப் பையில் நாலு சர்க்கரை மிட்டாய் இருக்கட்டும்.

ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் வெளியிட்ட அளவு ஒன்று உண்டு. 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு, உட்கார்ந்த வேலை என்றால் 2,110. மிதமான உழைப்பு என்றால் 2,710. கடும் உழைப்பு என்றால் 3,470. இது 40 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு. நமக்கு நேராகப் பொருந்தாது. ஆனால் முதல் கட்டத்துக்கும் இரண்டாம் கட்டத்துக்கும் நடுவே 600 இருக்கிறது பாருங்கள். ‘நான் மிதமான உழைப்பாளி’ என்று ஒரு டிக் தப்பாக அடித்தால் ஒரு வேளைச் சாப்பாடு அளவுக்குத் தப்பு வருகிறது.

பிறகு நான் எப்படிக் குறைத்தேன் என்றால், சூத்திரத்தைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டேன். இரண்டு வாரம், வழக்கமாகச் சாப்பிடுவதை அப்படியே சாப்பிட்டு, எழுதினேன். தினமும் காலையில் கழிவறை போய் வந்ததும், ஒரே மாதிரி உடையில் எடை பார்த்து எழுதினேன். தினசரி எடைக்கு மதிப்புக் கிடையாது. உப்பும் தண்ணீரும் ஒரு கிலோ ஆட்டும். கல்யாணச் சாப்பாட்டுக்கு மறுநாள் ஒன்றரைக் கிலோ கூடிவிட்டது என்று அலறுகிறோம். ஒன்றரைக் கிலோ கொழுப்பு சேர 11,500 கலோரி மிச்சமாக வேண்டும். எந்தப் பந்தியில் அவ்வளவு போட்டார்கள்? வாரச் சராசரியைத்தான் பார்க்க வேண்டும். முதல் வாரச் சராசரியும் இரண்டாம் வாரச் சராசரியும் ஒன்றாக இருந்தால், நோட்டில் வரும் தினசரிச் சராசரிதான் உன் செலவு. என் நோட்டில் அது 1,960 என்று வந்தது. உண்மையில் 2,200 ஆக இருக்கலாம். இருக்கட்டுமே! எழுதும் வழக்கம் மாறாமல் இருந்தால் தப்பும் மாறாது. ஓப்பனிங் பாலன்ஸ் தப்பாக இருந்தாலும் அன்றன்றைய வித்தியாசம் சரியாக வரும் இல்லையா? அதே மாதிரி. அந்த 1,960-லிருந்து 400 குறைத்தேன். வடை போயிற்று. எண்ணெய் வீட்டுக்கே மாதம் இரண்டரை லிட்டராயிற்று. இரவுச் சாதம் பாதி. பருப்பையும் தயிரையும் முட்டையையும் குறைக்கவில்லை. நம் வயதில் எடையோடு தசையும் போய்விடும், அது போனால் திரும்பி வருவது கஷ்டம்.

செலவுப் பக்கம், நடையைக் கூட்டியது கொஞ்சம்தான். பத்தாயிரம் அடி நடக்கிறேன் என்று யாரும் மலைக்க வேண்டாம். அந்த எண் 1965-ல் ஜப்பானில் அடி எண்ணும் கருவி விற்கவந்தபோது வைத்த பேர். உட்காரும் பதினொன்றரை மணியில்தான் கை வைத்தேன். பேரனைப் பள்ளியில் விடும் வேலையும் காய்கறி வாங்கும் வேலையும் என்னுடையதாயின. இரவு பாத்திரமும். அதில் என் எண் கூடியது, வீட்டம்மாவுடையது குறைந்தது; அவள் அதை நஷ்டமாகக் கருதவில்லை.

பத்து மாதத்தில் 84 கிலோ 76½ ஆயிற்று. ஒரு கிலோ கொழுப்புக்கு 7,700 என்று புத்தகக் கணக்குப் போட்டால் 15 கிலோ குறைந்திருக்க வேண்டும். பாதிதான் குறைந்தது. ஏன்? எடை குறையக் குறைய உடம்பின் செலவும் குறைகிறது. 76 கிலோ ஆளைத் தூக்கி நடக்க 84 கிலோவுக்கு ஆகும் செலவு ஆகாது. அப்புறம் தீபாவளி வந்தது, இரண்டு கல்யாணம் வந்தது, ஒரு மாதம் நோட்டே எழுதவில்லை. எட்டு கிலோ கேட்ட டாக்டர் ஏழரைக்கே ஒத்துக்கொண்டார். மாத்திரை இன்னும் ஆரம்பிக்கவில்லை.

நண்பனுக்கு இப்போது அவனுடைய டாக்டர் கிளிமிபிரைடை நிறுத்தி மருந்தை மாற்றிவிட்டார். எடை 69-ல் நிற்கிறது. அவசரம் இல்லை என்கிறான். மணிக்கட்டு மழைக்காலத்தில் மட்டும் வலிக்கிறதாம். ஊரில் யார் கேட்டாலும், ‘முதல்ல ஒரு வாரம் நோட்டு எழுது, அப்புறம் பேசலாம்’ என்கிறானாம்.

பதிவு மேசையில் கால் மணிக்கு ஒரு கோடு போட்ட தாள், ஏழு நாளுக்கு ஏழு, கட்டுக் கட்டாக வைத்திருக்கிறேன். ஒரு கட்டு எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரம்மாவுக்கும் ஒன்று எடுங்கள். மேலே பேர் எழுத வேண்டாம். யாரிடமும் காட்டவும் வேண்டாம். நடையைப் பென்சிலால் எழுதாதீர்கள், அழிக்கத் தோன்றும்.

சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது என்று செயலாளர் கையைக் காட்டுகிறார். இன்று பந்தியில் வடை உண்டாம். நானும் ஒன்று சாப்பிடப் போகிறேன், எழுதிக்கொள்வேன்.